கட்டில் ஏறாத மாடி

சின்ன வீட்டுக்குப் போய்விடலாம் என்று முதலில் வாயெடுத்தவள் தீர்த்தம்மாள்தான். இண்டூருக்கு வெளியே தோட்டத்தை ஒட்டியிருந்த வீட்டில் ஐந்து அறை, நீளமான கூடம், முன்னும் பின்னும் வாசல். ஒரே மகன் கதிரவன் ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டான். ஆள் கிடைக்காமல் தோட்டம் தரிசாய்க் கிடந்தது. யாரும் படுக்காத அறையைத் தினமும் கூட்டுவதைப் போல அலுப்பு பிடித்த வேலை உலகத்தில் கிடையாது என்பாள். முட்டிவலிக்காரி சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

புருஷன் மாதையனுக்கு இதயக் கோளாறு. மாதாமாதம் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். அங்கேயே ஒரு மாடி போர்ஷன் வாடகைக்குப் பார்த்தார்கள். தண்ணி நாள் தவறாமல் வருமா, பஸ் எங்கே நிற்கும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிடைக்குமா என்று தீர்த்தம்மாள் துருவித் துருவிக் கேட்டாள். வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊர் வீட்டையும் தோட்டத்தையும் பக்கத்துக் காட்டுக்காரி கண்ணம்மாளும் அவள் புருஷனும் வாங்கிக்கொண்டார்கள்.

சாமான் ஏற்றிய அன்று ஒன்று மட்டும் மாடி ஏறவில்லை. மாதையனின் வேப்பமரக் கட்டில். படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம்.

"கட்டிலே ஏறலயே, நாளைக்கு என்ன எப்பிடி எறக்குவீங்க?" என்று மாதையன் சிரித்தார்.

"வாயக் கழுவுங்க மொதல்ல," என்று அவள் எரிந்து விழுந்தாள். கட்டில் வந்த டெம்போவிலேயே இண்டூருக்குத் திரும்பிப்போனது. கண்ணம்மாள் வாங்கிப் பின்பக்கக் கொட்டகையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளதைச் சொன்னால், அந்தச் சின்ன வீட்டில் தீர்த்தம்மாள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். காபி ஆறுவதற்குள் வீடு கூட்டி முடிந்துவிடும். சாயங்காலம் மாதையன் தெருமுனைக்குப் போய்ப் போண்டா வாங்கி வருவார். இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து, சீரியலில் வரும் மாமியாரைச் சேர்ந்து திட்டுவார்கள். பெரிய வீட்டில் ஆளுக்கொரு மூலையில் வேலை கிடந்தது. இங்கேதான் புருஷன் பக்கத்தில் சும்மா உட்கார அவளுக்கு நேரம் வாய்த்தது.

ஊர் வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போனாள். கண்ணம்மாள் கூடம் முழுக்கத் தட்டு அடுக்கிப் பட்டுப்புழு வளர்த்தாள். வெளியாள் காலோடு வரும் நோய் புழுவுக்கு ஒட்டாமலிருக்க வாசற்படியில் சுண்ணாம்புத் தூள் போட்டிருந்தது. தீர்த்தம்மாள் பழக்கத்தில் விறுவிறுவென்று உள்ளே காலெடுத்து வைக்கப் போக, கண்ணம்மாள் ஓடிவந்து மறித்தாள். "உள்ள வராதீங்கக்கா, புழு இருக்குது."

தீர்த்தம்மாளுக்குச் சுருக்கென்றது. "எங்கையால மெழுகுன வூடு. என்னயே வராதேங்கறா," என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமினாள். அத்தோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன தை மாதம் ஒரு காலையில் மாதையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ உடனே கிடைத்தது, ஆஸ்பத்திரியும் பக்கம்தான். ஆனாலும் உயிர் நிற்கவில்லை. கதிரவன் ஓசூரிலிருந்து ஓடிவந்தான். வீட்டுக்காரரும் வந்தார், தீர்த்தம்மாளிடம் கைகூப்பியபடி மெதுவாகப் பேசினார்.

"தப்பா நெனக்காதீங்கம்மா. இங்கிருந்து நேரா ஊருக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. அடுத்த மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். நம்ம வூட்ல வெக்க வேணாம்."

அவரை ஏசவும் அவளால் முடியவில்லை. தண்ணி கேட்டோம், பஸ் கேட்டோம், இதைக் கேட்கவில்லையே என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எந்த வீட்டுக்கு வரணும்? ஊருக்கே சோறு போட்ட மனுஷன், கடைசியாகக் கால் நீட்டிக் கிடக்க ஒரு வாசல் இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான்தானே கிளப்பிக்கொண்டு வந்தேன் என்று தீர்த்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு ரோஷத்தை விழுங்கிவிட்டுக் கண்ணம்மாளுக்கு அவளே போன் செய்தாள்.

கண்ணம்மாள் வீட்டில் அப்போது புழு கூடு கட்டப்போகிற பருவம். ஊதுபத்திப் புகை ஆகாது, சாவுத் தீட்டு அண்டவே கூடாது என்பார்கள். அந்தக் குடும்பத்தின் அந்த மாதப் பிழைப்பு முழுக்கத் தட்டுகளில் கிடந்தது.

"கொண்டாங்கக்கா," என்றாள் கண்ணம்மாள்.

வண்டி போய் நின்றபோது வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. வேம்பின் நிழலில் அந்தப் பழைய கட்டில் போட்டிருந்தது. மாதையனைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, அதில் கிடத்தினார்கள். கட்டில் அவருக்கு அளவெடுத்துச் செய்தது. கால் சரியாக நீட்டிக்கொண்டது. அதைப் பார்த்ததும் தீர்த்தம்மாள் வாய்விட்டுக் கதறினாள்.

யாரோ தலைமாட்டில் ஊதுபத்தி கொளுத்தினார்கள். காற்று வீட்டுப் பக்கம் அடித்தது. தீர்த்தம்மாள் எழுந்து போய் அந்த நெருப்பை விரலாலேயே நசுக்கி அணைத்தாள். வெடி கொண்டுவந்த பங்காளியையும் தடுத்துவிட்டாள். புகையில்லாமல், வெடியில்லாமல் மாதையன் கிடந்தார்.

இதையெல்லாம் கண்ணம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் போய்க் கூடத்துக் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கக்கா. பொழங்குன வூடு. ஒரு நாழி சாமி மாடத்துக்கிட்ட உக்காந்துட்டு வாங்க."

உள்ளே தட்டுத் தட்டாகப் புழுக்கள் தழை தின்னும் சத்தம் கேட்டது. தட்டுகளுக்குப் பின்னால், மாதையன் சாய்ந்து உட்காரும் தூண் தெரிந்தது. தீர்த்தம்மாள் படி வரைக்கும் போனாள். சுண்ணாம்புத் தூளுக்கு இந்தப் பக்கமே நின்று, கையை மட்டும் நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வேணாம் கண்ணம்மா. புழுவுக்கு ஆவாது."

பொழுது சாய்வதற்குள் எடுத்தார்கள். ஆம்பளைகள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பும் வரை அவள் அந்த வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதிரவன் ஈரத் துண்டோடு வந்து எதிரில் குந்தினான்.

"அம்மா, இனி அந்த மாடியில தனியா இருக்க வேணாம். காரியம் முடிஞ்சதும் எங்கூட ஓசூருக்கு வந்துடு."

தீர்த்தம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். அவனும் அங்கே வாடகை வீட்டில்தான் இருந்தான்.

"உங்க வூட்டுக்காரரு ஒத்துக்குவாராடா?"

"என்னம்மா இது, நீ வந்து இருக்கறதுக்கு அவரு என்ன சொல்லப்போறாரு?"

"இருக்கறதுக்கு ஒத்துக்குவாருடா கதிரு," என்றாள். "நா அதக் கேக்கல."