எங்கள் அம்மாவுக்குப் பேய் பிடிக்கவில்லை

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர் முகம் அறிந்த உங்கள் எல்லோர் கையிலும் இந்த நினைவு மலரைத் தருகிறோம். நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அப்பாதான், "நான் அடிச்சதையும் எழுதும்மா. அத விட்டுட்டா அவ பட்டது ஒண்ணுமே தெரியாது" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமத்தில் அம்மா பிறந்தார். ஐந்தாம் வகுப்போடு பருத்திக் காட்டுக்குப் போனார். பத்தொன்பது வயதில், புதூர்ப் பக்கம் ஆடு மேய்த்துவந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மழை பெய்த ஆண்டில் உளுந்து விதைப்பு, பொய்த்த ஆண்டில் தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலை. எனக்கு எட்டு வயதானபோது, இரண்டு கரு கலைந்த பிறகு, தம்பி பிறந்தான். ஊருக்கே சீனி கொடுத்தார்கள்.

பத்தாம் நாளிலிருந்து அம்மா தூங்கவில்லை. தம்பி அழுதால் காதைப் பொத்திக்கொண்டார். "இது எம்பிள்ள இல்ல, மாத்திட்டாங்க" என்றார். அப்பாவின் அக்கா, என் பெரியத்தை, "நாலு பெத்தேன், நானா இப்படிப் பேசுனேன்? ஆம்பளப் பிள்ளயப் பெத்த திமிரு" என்று கன்னத்தில் அறைந்தார். அம்மா தன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டார். நெற்றி பிளந்தது. மஞ்சளை அப்பிவிட்டு, பிள்ளையை மறுபடி மடியில் வைத்தார்கள்.

ஒரு மதியம், ஆடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் அம்மா தம்பியை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் அலறினேன். அப்பா ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கி என் கையில் தந்தார். தம்பி தண்ணீரைக் கக்கி அழுதான். அப்புறம் அப்பா, ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டிக் கம்பை எடுத்தார். எத்தனை அடி என்று தெரியாது. இடது தோள் எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா அழவில்லை. "இன்னும் அடிங்க" என்றார்.

மறுநாள் பேயோட்டுகிறவரை வரவழைத்தார்கள். ஒடிந்த தோளோடு அம்மாவை வேம்பில் கட்டினார்கள். மிளகாய் வற்றலைச் சுட்டு முகத்தில் புகை காட்டி, சாட்டையால் அடித்து, "யாருட்டி நீ, பேரச் சொல்லு" என்றார் அவர். அம்மா தன் பெயரைச் சொன்னார். அதற்கும் அடி விழுந்தது.

மூன்றாம் நாள், தம்பிக்கு எடை பார்க்க வந்த கிராம நர்சு இதைப் பார்த்தார். பையைப் போட்டுவிட்டு நேராகப் போய்க் கயிற்றை அவிழ்த்தார். சாட்டை அவர் முதுகிலும் ஒருமுறை விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெத்த தாய் பிள்ளயக் கொல்லப் போவாளா, நர்சம்மா?" என்றார் அப்பா.

"இது நோய், அண்ணாச்சி. பிள்ள பெத்த சிலருக்கு மனசு இப்படிக் கலங்கும். மருந்து இருக்கு. காய்ச்சல்ல பிதற்றினா சாட்டையவா எடுப்பீங்க?"

அவரே வேன் பிடித்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு மாதத்தில் அம்மா தெளிந்தார். தெளிந்ததும் தான் செய்தது நினைவுக்கு வந்தது. எல்லா அடியிலும் கொடிய அடி அதுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இடது கை அதன்பின் தோளுக்கு மேல் எழவில்லை. கடைசிவரை அப்பாதான் தலை பின்னிவிட்டார். "அவ நோயில செஞ்சா. நான் புத்தி தெளிவா இருந்து அடிச்சேன்" என்பார். மன்னித்துவிட்டதாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

விசேஷ வீடுகளில் அம்மாவைக் கண்டதும் கைப்பிள்ளைகளை மறுதோளுக்கு மாற்றினார்கள். தம்பிக்குப் பதினைந்து வயதானபோது அம்மாவே அவனிடம் எல்லாம் சொன்னார். சாப்பிடாமல் எழுந்து போனவன் மாலையில் வந்து, "பசிக்கும்மா" என்றான்.

எனக்கு மகள் பிறந்த மூன்றாம் வாரம், நான் தூங்காமல் கிடப்பதை அம்மாதான் கவனித்தார். "பிள்ளயப் பாத்தா என்ன தோணுது? கெட்டதா இருந்தாலும் சொல்லு" என்றார். சொன்னேன். முகம் மாறாமல் கேட்டு, அன்றே கோவில்பட்டியில் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் பழுதுபட்டு, தம்பி மடியில் தலைவைத்தபடி அம்மா உயிர் நீத்தார்.

கயிற்றை அவிழ்த்த நர்சம்மாவுக்கும், கடைசி நோயில் ரத்தம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுத்த மாதம் தம்பி மனைவிக்குப் பிரசவம். பார்க்க வருகிறவர்கள் முதலில் பெற்றவளிடம் பேசுங்கள். அவள் என்ன சொன்னாலும் கை ஓங்காதீர்கள்.

— மகள்