ஆளில்லா அரங்கும் அண்ணனின் குரலும்

மச்சாளின் பழைய கணினியை நினைத்தால் முதலில் என் கண்முன் வருவது கணினியல்ல, அதன் பின்னால் இருந்த ரெஜிபோம் பெட்டி. கொழும்புக்கு மீன் ஏற்றிப் போகவேண்டிய வெள்ளை நுரைப் பெட்டி அது. ஒரு மூலை உடைந்ததால் பதவி இறக்கப்பட்டு எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் ஐஸ், அதன் பின்னால் மேசை விசிறி, முன்னால் பக்கத் தகடு கழற்றிய கணினி. ஈரக்காற்றைக் கணினிக்குள் ஊதவிடக் கூடாது என்று விடயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்கும் தெரியும். ஆனால் அண்ணன் துறைமுகப் பக்கத்து மீன் சந்தையில் ஏலம் கூறுபவர். எது சூடானாலும் ஐஸ் வைப்பதுதான் எங்கள் குடும்ப வைத்தியம்.

மச்சாள் அவருடைய மனைவி, அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். அலுவலகம் கழித்துவிட்ட கணினியை வாங்கிவந்து அதில் கிரிக்கெட் ஆடினார். ஆடியதோடு நிற்காமல், ஆட்டத்தைப் பதிவுசெய்து நேரலையாக ஊருக்கும் காட்டினார். ஆடவும் வேண்டும், ஆடுவதை அனுப்பவும் வேண்டும் என்றால் அந்தக் கணினிக்கு ஏலாது. ஆகவே மச்சாள் அதன் பாரத்தை ஒவ்வொன்றாக இறக்கினார். முதலில் வீரர்களின் நிழல் போயிற்று. பிறகு புல் போய், மைதானம் பச்சைப் பெயின்ற் அடித்த சீமெந்துத் தரையாயிற்று. கடைசியில் அரங்கிலிருந்த பார்வையாளர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

“சனம் வேண்டாம் தம்பி. அதுகளை வரைஞ்சு வரைஞ்சே இது களைச்சுப்போகுது,” என்றார்.

நேர்முக வர்ணனை என் பொறுப்பு. வீட்டில் அதிகம் வாசித்தவன் நான்தான் என்ற ஒரே தகுதியில் கிடைத்த பதவி. வசனங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். “மட்டையின் மெல்லிய வருடலில் எல்லைக்கோட்டை நாடி விரைகின்றது பந்து” என்று நான் வாசித்து முடிக்கும்போது, அடுத்த பந்தில் ஆளே ஆட்டமிழந்திருப்பார். “செய்தி எப்ப முடியும்?” என்று ஒரு பார்வையாளர் எழுதிக் கேட்டார். அன்று எங்களுக்கு இருந்த மூன்று பார்வையாளர்களில் அவர் ஒருவர்தான் வெளியாள்.

இணையவழிப் போட்டியொன்றில் மச்சாள் அரையிறுதிவரை போனார். விதி எளிமையானது: அவரவர் ஆட்டத்தை அவரவர் நேரலையாகக் காட்டவேண்டும், ஒளிபரப்பு அறுந்தால் வெற்றி எதிராளிக்கு. முந்தைய இரண்டு போட்டிகளில் அப்படித்தான் வெளியேறியிருந்தார். “ரெண்டு தரமும் தோத்தது நானில்லை, இந்த மிசின்,” என்றார். “இந்த முறை தோத்தா நானாத் தோக்கவேணும்.” அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தபடியால் பின்வாங்கவும் வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எதிராளி கந்தளாயிலிருந்து ஆடினார். வெக்கையில் ஐஸ் தண்ணீராகிக்கொண்டிருக்க, கடைசி ஓவரில் என் கைத்தொலைபேசியில் ஓடிய நேரலைப் படம் அப்படியே உறைந்து நின்றது. மச்சாளின் திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே படம் போகவில்லை. சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போவதற்குச் சத்தம் வேண்டுமே. என் தாள்களில் இதற்கென்று ஒரு வசனமும் இல்லை. நான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“அறுந்துபோச்சா?” என்று யாரோ எழுதினார்கள்.

“தம்பி, ஏதாவது கதையுங்கோ,” என்றார் மச்சாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்நேரம் அண்ணன் புது ஐஸுடன் உள்ளே வந்தார். ஏலத்தில் கூறுபவரின் குரல் நின்றால் வியாபாரம் நின்றது என்று பொருள், வாங்க வந்தவர் அடுத்த மீன் குவியலுக்குப் போய்விடுவார். ஆகவே மௌனம் என்பது அண்ணனுக்கு நட்டம். சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அவர் பேச்சை நிறுத்தியதில்லை. அதற்காக நாங்கள் அவரைத் திட்டாத நாளில்லை. ஐஸ் வாளியை வைத்துவிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் குனிந்தார்.

“வாறான், ஓடி வாறான், போட்டிட்டான், தட்டிட்டாள். ஒண்டு, ஒண்டு, ரெண்டா? ஓம், ரெண்டு, ரெண்டு, ரெண்டு. இன்னும் நாலு வேணும், நாலு, நாலு, ஆர் தாறது நாலு? கடைசிப் பந்து, பாத்துக்கொள்ளுங்கோ, வாறான்…”

படம் அசையவில்லை. ஆனால் பார்வையாளர் தொகை ஏறத் தொடங்கியது. “படம் கிடக்கட்டும், ஐயா கதைக்கட்டும்,” என்று எழுதினார்கள். மச்சாள் மட்டையை வீசினார். பந்து ஆளில்லாத அரங்கின் வெற்றுக் கதிரைகளுக்குள் போய் விழுந்தது.

“ஆறு!” என்றார் அண்ணன். பிறகு, சந்தையில் ஏலத்தை முடிக்கும் அதே தொனியில்: “போச்சு. என்ர மனிசிக்கே போச்சு. இனி ஒருத்தரும் கேக்கேலாது.”

கந்தளாய்க்காரர் கேட்கத்தான் செய்தார். படம் நின்றது உண்மை, ஆனால் ஒளிபரப்பு ஒரு கணமும் அறுபடவில்லை என்று நடத்துநர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களும் கடைசிப் பந்துவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். இறுதியாட்டத்தை மச்சாள் வென்றது வேறு கதை. அதற்கு நான் தேவைப்படவில்லை, ஆகவே அது சுருக்கமான கதை.

இப்போது மச்சாளிடம் இருப்பது புதுக் கணினி. அதற்கு எதுவும் பாரமில்லை. புல் முளைத்திருக்கிறது, நிழலும் விழுகிறது. சந்தை முடிந்து வந்ததும் அண்ணன் ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பார், கேட்பதற்கென்றே கடல் கடந்தும் ஆட்கள் வருகிறார்கள். வர்ணனைக்குப் பதிலாக எனக்குக் கிடைத்த, ஐஸ் கொண்டுவரும் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். ரெஜிபோம் பெட்டி மட்டும் அதே மூலையில் கிடக்கிறது, பூனை அதற்குள் படுத்திருக்கும்.

போன கிழமை பார்த்தபோதும் அரங்கு வெறுமையாகவே இருந்தது. இனிச் சனத்தைக் கூப்பிடலாமே என்றேன்.

“ஒருக்காப் போட்டுப் பாத்தனான் தம்பி,” என்றார் மச்சாள். “ஒரே இரைச்சல். இந்த மனிசன் சொல்லுறது கேக்கேல்லை.”