வெறும் பாத்திரம் திரும்பாத ஊர்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஸ்ரௌவ்விலில் இருந்து புறப்பட்டோம். ஒக்ரோபர் மாதம், பனிமூட்டம். எங்கள் தெருவின் வீடுகளெல்லாம் பால் குடித்த குழந்தைகள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. காரின் பின்பெட்டி மூட மாட்டேன் என்று அடம்பிடித்தது. மரக்கறி ரோல்ஸ், பயற்றம் பணியாரம், முறுக்கு, கறித்தூள், இன்னும் என்னென்னவோ இருந்தன. என் மனைவி கௌரி மூன்று நாளாகச் சமைத்திருந்தாள்.

போகிற இடம் பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு சின்னஞ்சிறு ஊர். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஏறத்தாழ முந்நூற்றெழுபது கிலோமீற்றர். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்; உண்மைப் பெயரை எழுதினால் யார் யாரென்று பிடித்துவிடுவார்கள் என்பதால் வில்லட் மில்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஒரே மகள் அபி அங்குள்ள ஒரேயொரு பாமசியில் மருந்து கொடுக்கும் பாமசிஸ்ட். ஒரு வருடத்துக்கென்று போனவள் மூன்றாவது வருடத்தில் நிற்கிறாள். இப்போது எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான மாக்கத்தில் ஒரு வேலை அவளைத் தேடி வந்திருக்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கௌரி வருவது ஊர் பார்க்க அல்ல, மகளைக் கூட்டிக்கொண்டு வரத்தான்.

எட்டரை மணிக்கு நயாகரா ஆற்றுப் பாலத்தில் நின்றோம். எல்லை அதிகாரி எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். சாப்பாடு ஏதும் உண்டா என்று பின்பெட்டியைத் திறந்து பார்த்தவர், என் முகத்தைப் பார்த்தார். இறைச்சி இல்லை என்று கௌரி முந்திக்கொண்டாள். “இரண்டு நாளா?” என்று மறுபடி கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போகவிட்டார்.

பஃபலோவைத் தாண்டி ஈரி ஏரிக்கரையோடு போனால் மைல் கணக்கில் திராட்சைத் தோட்டங்கள். பழம் பறிக்கும் காலம். கண்ணாடியை இறக்கியதும் கார் முழுவதும் திராட்சை மணம் வந்து குடியேறியது. எதிரில் வருகிற லொறிகூட கனவில் வருகிற லொறி போலச் சத்தமில்லாமல் கடந்தது. கௌரி கண்ணை மூடிக்கொண்டு, “பேத்டே கேக் வாசம் மாதிரி இருக்கப்பா” என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக விறைத்து நிமிர்ந்து, “எண்டாலும் அவள் வரத்தான் வேணும்” என்றாள். நான் கண்ணாடியை ஏற்றினேன்.

பதினொன்றரைக்கு மலைகளுக்குள் இறங்கினோம். சிவப்பும் மஞ்சளுமாய் மரங்கள், நடுவில் ஓர் ஆறு, ஆற்றின் வளைவில் ஊர். முகப்பில் ஒரு பச்சைப் பலகை: வில்லட் மில்ஸ், மக்கள்தொகை 318. கடைசி இலக்கம் மட்டும் வேறு வெள்ளையில் கையால் எழுதப்பட்டிருந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த ஸ்காபரோ அடுக்குமாடியில் இதைவிடக் கூடுதலான சனம் இருந்தது.

அபி வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கௌரிக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மெலிந்திருப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவள் அல்லவா?

மதியம் அபி பாமசிக்குப் போய்விட, பக்கத்து வீட்டு டொனா எங்களை நடக்கக் கூட்டிப்போனாள். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், சத்தமாகச் சிரிக்கிறவள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்னால் ஒருவர் ஆற்றோரம் மரம் அரியும் ஆலை போட்டார், ஊர் பிறந்தது. பிறகு மரப்பட்டையை வைத்துத் தோல் பதனிடும் ஆலை வந்தது. தோலை ஏற்றிப்போக ரயில் வந்தது, ரயிலோடு இரண்டு ஹோட்டலும் ஒரு நாடக மண்டபமும் வந்தன. அப்போது இன்றைப்போலப் பத்து மடங்கு ஆட்கள். காடு முடிந்தது, ஆலை மூடியது, ரயிலும் போனது. தண்டவாளத்தைக் கழற்றிய இடத்தில்தான் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். காலடியில் இலைகள் சரசரத்தன. தூரத்தில் ரயில் ஊதியது போலிருந்தது. அந்த ஊரில் இல்லாத ரயில் எப்படி ஊதும்? காற்றுத்தான். ஆனாலும் நாங்கள் மூவரும் ஒரு கணம் நின்றுவிட்டோம்.

பலகையில் உள்ள எண்ணைப் பற்றிக் கேட்டேன். அரசாங்கம் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் எண்ணும், எங்களால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாது என்றாள் டொனா. பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் தீயணைப்புத் தொண்டர்கள் ஏணியோடு போய் மாற்றி எழுதுவார்களாம். “அபி வந்த கிழமையும் போனார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு எண் கூடியது அன்றைக்குத்தான்.” டொனாவின் கணவருக்கு நீரிழிவு, இன்சுலின் வேண்டும். பாமசியில் ஆள் இல்லாத காலத்தில் நாற்பது மைல் கார் ஓட்டிப்போய் வாங்கியிருக்கிறாள். நடை முடிகிற இடத்தில் அவள் சிரிக்காமல் கேட்டாள்: “நீங்கள் அவளைக் கூட்டிப்போகத்தானே வந்திருக்கிறீர்கள்?” நான் மரங்களைப் பார்த்தேன். கௌரியும் பார்த்தாள்.

பின்னேரம் அபியின் குசினிக்குள் போன கௌரி அங்கேயே நின்றுவிட்டாள். மேசை, அலுமாரி, ஜன்னல்கட்டு எங்கும் அவண் அடுப்பில் வைக்கிற கண்ணாடிப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் ஒரு பெயர்.

“என்னடி பிள்ளை இது, பாத்திரக்கடையோ?”

“இல்லையம்மா. நான் வந்தவுடன ஆளாளுக்கு டின்னர் செய்து வாசல்ல வச்சிட்டுப் போச்சினம். நூடில்ஸ், சீஸ், டூனா அப்படி. திஸ் இஸ் வட் தே டூ. நாங்கள் கழுவிக் குடுத்தாச் சரி.”

“அப்ப குடுக்கிறதுதானே?”

“குடுத்தனான். வெறும் பாத்திரம் திருப்பிக் குடுக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? ரோல்ஸ் வச்சுக் குடுத்தன். அவையள் அதைப் பார்த்திட்டுத் திருப்பியும் நிரப்பி அனுப்பிச்சினம். நான் கேசரி வச்சன். ஐ டோன்ட் நோ ஹௌ டு ஸ்டொப் இட், அம்மா.”

எனக்குச் சிரிப்பு வெடித்தது. யாழ்ப்பாணத்துப் பழக்கமொன்று இந்த மலைக்குள் இரண்டு வருடத்துக்கு மேலாக ஊரையே சுற்ற வைத்திருக்கிறது. கௌரி சிரிக்கவில்லை. ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“நாளைக்கு எல்லாத்தையும் கழுவிக் குடுத்துக் கணக்கை முடி. மாக்கத்துக்காரருக்கு வாறன் எண்டு சொல்லு.”

“வெறுமையாவோ அம்மா குடுக்கிறது?”

அபி குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டது போலத்தான் கேட்டாள். கௌரி தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். அன்றைக்கு அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோல்ஸ் சூடாகிற வாசனையில் விழித்தேன். ஆற்றிலிருந்து எழுந்த பனி ஜன்னல்வரை வந்து நின்றது. குசினியில் கௌரி பாத்திரங்களைக் கல்யாண வீட்டுப் பந்திபோல வரிசையாக அடுக்கி, நாங்கள் கொண்டுபோன அவ்வளவையும் பங்கிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கென்று கொண்டுவந்தது இது என்றேன். “பிள்ளைக்குத்தான் குடுக்கிறன், கதையாமல் காரை எடுங்கோ” என்றாள்.

பனிக்குள் வீடு வீடாகப் போனோம். கதவுகள் திறந்தன. யாரோ கௌரியைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் பயற்றம் பணியாரத்தைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ரௌவ்விலில் ஆறு வருடமாக இருக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. கராஜ் கதவு திறக்கும், கார் போகும், கதவு மூடும். தனிமையான ஊரிலிருந்து மகளை மீட்கப் போனவர்கள் நாங்கள்! வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். கார் கதவைப் பிடித்துக்கொண்டு கௌரி கேட்டாள்: “நாளைக்கு அவையளுக்கு என்ன சொல்லப்போறாய்?”

“வரேல்லை எண்டு, அம்மா.”

“ஓம்” என்றாள். கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். மகளை அவளுடைய வாசலில் விட்டுவிட்டுப் போவதில் ஒரு வலி இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. ஊர் எல்லையில் காரை மெதுவாக்கச் சொல்லி, கௌரி அந்தப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். “உதில எங்கட பிள்ளையும் ஒண்டு” என்றாள்.

திராட்சை மணம் திரும்பவும் வந்தது, போனது. பாலம் வந்தது, போனது. ரொறன்ரோவின் விளக்குகள் இன்னோர் ஏரிக்கு அப்பால் மிதந்தன. எட்டு மணிக்கு எங்கள் கராஜுக்குள் நின்று பின்பெட்டியைத் திறந்தேன். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் கௌரியின் சால்வை. சால்வைக்குள் ஒரு நீலக் கண்ணாடிப் பாத்திரம். அடியில் டொனாவின் பெயர்.

“கௌரி, நீர் இதைக் குடுக்க மறந்திட்டீர்.”

“மறக்கேல்லை.” அதை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அடுத்த மாதம் கொண்டுபோய்க் குடுப்பம். வெறுமையாக் குடுக்கேலாது. அவவுக்கு என்ன விருப்பம் எண்டு பிள்ளையிட்டக் கேளுங்கோ.”