நான் அறுத்த பேனர்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள், எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் என் முகம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. கீழே ‘வருங்கால டாக்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கட்டியவர் என் தாய்மாமா.

டாக்டராகப் போகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. ப்ளஸ் ஒன்னில் பயாலஜி குரூப், பிறகு கோவையில் பிசிஷியன் அசிஸ்டென்ட் பட்டப்படிப்பு என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது, டாக்டர் போன பிறகும் கட்டிலோரம் இருந்து, அம்மா பயந்து பயந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர் அந்த வேலையில் இருந்த ஓர் அக்காதான்.

“ஏனுங்க மாமா, அதைக் கழட்டிப்போடுங்க” என்றேன்.

“ஊரே பாத்துப்போட்டுது அம்மணி. டாக்டருக்குப் பின்னால நிக்கிற வேலைக்கா போவே? என்ற மானம் என்னாகறது?”

“பேனர் உங்களுதுங்க. மூஞ்சி என்னுதுங்க.”

ஏணியையும் அரிவாளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். மாமாவும் பின்னாலேயே வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். முதல் கயிற்றை அறுத்ததும் ஏணி ஆடியது. கீழே யாரோ பிடித்தார்கள். பார்த்தால் அம்மா. மாமாவின் கூடப்பிறந்த அக்கா.

“நான் புடிச்சுக்கறேன். நீ அறு கண்ணு” என்றாள், தம்பியைப் பார்த்துக்கொண்டே.

மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் அந்தப் படிப்பில் இப்போது மூன்றாம் வருடம். ‘டாக்டருக்கா படிக்கிறே?’ என்று யார் கேட்டாலும், இல்லை என்கிறேன். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்வதில்லை.

பேனர் எங்கள் மாட்டுக்கொட்டகைமேல் கிடக்கிறது. எந்த மழைக்கும் ஒழுகுவதில்லை.