ஷமீமா மேடம் மிஷினைக் கெடுக்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் மூன்று செய்திகள் வந்தன. முதலாவது தேர்வு அறைப் பணிப் பட்டியல். இரண்டாவது, தொட்டி கழுவுவதால் பத்து மணி வரை தண்ணீர் வராது என்பது. மூன்றாவது, "அட்மிஷன் கவுன்டர் ஷமீமா பேகம் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்" என்பது. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் தண்ணீர்ச் செய்திக்கும் சேர்த்துக் கும்பிட்டிருந்தார்.

"அட்மிஷன் கவுன்டர்" என்பதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருடம் எங்கள் டிசைன் கல்லூரிக்கு நூலகராக இருந்தவர் அவர். கவுன்டரில் உட்கார்ந்தது கடைசி இரண்டு வருடம் மட்டும்தான். அங்கே அவரை உட்கார வைத்ததில் எனக்குப் பங்கு உண்டு. கல்லூரி மலருக்கு "ரெண்டு பக்கம், நல்லபடியா எழுதிக் குடுங்க" என்று முதல்வர் என்னிடம் கேட்டிருக்கிறார். நல்லபடியாக எழுத வருமா என்று தெரியவில்லை.

கல்லூரி நத்தம் சாலையில், மாந்தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. நான் தோல்பொருள் துறையில் சேர்ந்தபோது நூலகம் என்பது இரண்டு அறை. ஒன்றில் புத்தகங்கள். இன்னொன்றில் உடைந்த நாற்காலிகள். நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு அந்த அறையில் கேமரா, ஸ்கேனர், வரைபலகை, துணி மாதிரிகள், தோல் மாதிரிகள் என்று கொண்டுவந்து நிரப்பியவர் ஷமீமா மேடம். லேசர் கட்டிங் மிஷின் வாங்கியதும் அதை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் பூட்டி வைக்கத்தான் ஏற்பாடு. மேடம் நேராகப் போய்க் கேட்டார்.

"புத்தகத்தைப் பூட்டி வச்சா அதை லைப்ரரின்னு சொல்வீங்களா சார்? மிஷினை எங்கிட்ட குடுங்க. புத்தகம் குடுக்கிற மாதிரி பிள்ளைகளுக்கு மணிக்கணக்குல குடுக்கிறேன்."

கொடுத்தார்கள். அதன்பிறகு முதல் வருடப் பிள்ளைகூட பெயர் எழுதி வைத்துவிட்டு வந்து மிஷினைத் தொடலாம் என்று ஆனது. பேராசிரியர்களுக்கும் அதே வரிசைதான். துறைத் தலைவர் என்று சொல்லி முன்னால் நுழையப் பார்த்தவர்களை, "செத்த நேரம் உக்காருங்க சார், அந்தப் பிள்ளை முடிச்சிரட்டும்" என்று உட்கார வைத்தார்.

அந்த அறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை தொங்கும். எடுத்தவர்கள் திருப்பித் தரும்போது என்ன தப்பாகப் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "சரியா வந்ததைக் கண்காட்சியில வச்சிருவீங்க. தப்பா போனதை அடுத்த பிள்ளைக்கு யாரு சொல்றது?" என்பார். நான் அந்த அட்டைகளைப் படிப்பதற்கென்றே போன நாட்கள் உண்டு. ஈர வாழையிலையை ஸ்கேனரில் வைத்தேன் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மெமரி கார்டு போடாமல் ஒரு கல்யாணம் முழுக்கப் படம் எடுத்தேன் என்று புகைப்படப் பேராசிரியரே எழுதியிருந்தார். சித்தையன்கோட்டைப் பையன் ஒருவன், "தூங்காமல் வந்தேன், மிஷின்மேல் தப்பில்லை" என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு மேடம் அவனைப் பெஞ்சில் ஒரு மணி நேரம் தூங்கச் சொன்னாராம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் கடைசி வருட மாணவர்கள் முப்பது பேருக்கு லேசரில் தோல் வெட்டிக் காட்ட வேண்டியிருந்தது. நானே டவுனில் பார்த்துப் பார்த்து ஒரு சுருள் வாங்கி வந்திருந்தேன். மேடம் அதன் ஓரத்தை விரலால் மடக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, திண்டுக்கல் தோல் ஷாப்பில் தோல் பதனிட்டவர். அந்த வாசனையில் வளர்ந்தவர் மேடம்.

"சித்ரா மேடம், இது தோல் இல்ல. ரெக்சின். உள்ள வைக்காதீங்க, வர்ற புகை விஷம். ஆளுக்கும் ஆகாது, மிஷினுக்கும் ஆகாது."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோல்பொருள் துறைத் தலைவருக்குத் தோல் எது ரெக்சின் எது என்று நூலகர் சொல்லித் தருவதா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. சரி என்று தலையாட்டினேன். மேடம் மதியம் லுஹர் தொழப் போன நேரம் பார்த்து உள்ளே வைத்து ஓட்டினேன்.

மஞ்சளாகத் தீ எழும்பியது. பிளீச்சிங் பவுடரைக் கொட்டியது போல நெடி மூக்கில் ஏறியது. மேடம் ஓடிவந்து சுவிட்சை அணைத்து, பிள்ளைகளை வெளியே விரட்டி, இருமிக்கொண்டே எல்லா ஜன்னல்களையும் திறந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணில் நீர் வடிய, அட்டையை எடுத்து நீட்டினார். நானும் எழுதினேன்: "ரெக்சினைத் தோல் என்று வைத்தேன். எச்சரித்தும் வைத்தேன்." கீழே கையெழுத்து.

எழுதும்போது வலிக்கவில்லை, பிறகுதான் வலித்தது. பிள்ளைகள் அட்டையைப் படித்தார்கள். வகுப்பில் ஒருவன் என் கைப்பையைப் பார்த்து, "மேடம், இது தோலா ரெக்சினா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அடுத்து, கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. ஆயத்தக் கூட்டத்தில் நான் எழுந்து, "நம்ம தப்பையெல்லாம் நாமளே எழுதித் தொங்க விட்டுருக்கோம், வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன். முதல்வர் இந்த யோசனைக்காகவே காத்திருந்தவர் போலத் தலையாட்டினார்.

"ரெண்டு நாள் குடுங்க சார், போட்டோ எடுத்து வச்சிக்கிறேன். அம்புட்டும் பிள்ளைக கத்துக்கிட்டது" என்று மேடம் கேட்டார். ஒரு நாள்கூடத் தரவில்லை. அட்டைகள் சாக்கில் கட்டப்பட்டுக் காயலான் கடைக்குப் போயின.

குழு வந்தது, பாராட்டியது, போனது. சில மாதங்களில் மிஷின் மக்கர் பண்ணியது. திறந்து பார்த்த மெக்கானிக், லேசர் ஓடும் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறது, கண்ணாடி மங்கியிருக்கிறது, யாரோ ரெக்சின் ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணை வைத்தார்கள். விசாரிக்க ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அதில் நானும் ஒருத்தி.

"யார் ஓட்டுனது?" என்றார் முதல்வர்.

"அட்டையில எழுதிருந்துச்சு சார். அட்டைதான் இல்லையே."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல, பேரைச் சொல்லுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். "எழுதுனவங்களுக்குத் தெரியும் சார். எழுதத் தைரியம் இருந்தவங்க சொல்லவும் செய்வாங்க" என்றார்.

நான் மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முப்பது பேரும் பட்டம் வாங்கிப் போயிருந்தார்கள். அவர்களைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியும் சொல்லவில்லை. பொறுப்பாளரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அந்தத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் கவுன்டருக்குப் போனார். அறை பூட்டப்பட்டது. இப்போது அங்கே புது மிஷின் இருக்கிறது, வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. விருந்தினர் வந்தால் திறந்து காட்டுகிறார்கள். கதவில் "தொழில்நுட்ப வள மையம்" என்று பித்தளை எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பாடவேலைக்கு டவுனில் இருக்கும் பெயர்ப்பலகைக் கடையில் போய் வெட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கல்லூரிப் பேருந்தில் ஒருமுறை மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போது கேட்டுவிடுவார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சொன்னது இதுதான்: "பிள்ளைக போற கடையில ரெக்சின் வெட்டுறாங்களாம். சின்ன ரூமு, ஜன்னலே கிடையாது. உங்க பிள்ளைககிட்ட நீங்களே சொல்லிருங்க மேடம். கவுன்டர்ல இருந்து நான் சொன்னா யாரு கேப்பா?" திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

செவ்வாய் மதியம் பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. மகள் அஸ்மா என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மேடம், மிஷினைக் கெடுத்துட்டாங்கன்னு சொல்லித்தானே அம்மாவை மாத்துனாங்க? பக்கத்து வீட்டுல இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அம்மாகிட்ட கேட்டா வாயே தொறக்காது. நீங்க சொல்லுங்க, அம்மா தப்பு பண்ணுச்சா?"

"இல்லம்மா."

"அப்ப யாரு?"

அந்த நேரம் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிப்போக ஆண்கள் உள்ளே வந்தார்கள். பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். அழுகைச் சத்தத்தில் நானும் ஒதுங்கினேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, தப்பித்தோம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சந்தூக் தெருமுனை திரும்பும்வரை எல்லாப் பெண்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஸ்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஷமீமா மேடம், அன்றைக்கு விசாரணை அறையில் எனக்காக நீங்கள் காத்திருந்தீர்கள். நான் பேசவில்லை. போய்வாருங்கள். மன்னியுங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அஸ்மா, மலரில் இதைப் போடுவார்களா என்று தெரியாது, அதனால் முதல் பிரதியை உனக்கு அனுப்புகிறேன். முதல்வருக்குத் தனியாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். உன் அம்மா மிஷினைக் கெடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் அவர், வைத்தவள் நான். பக்கத்து வீட்டில் இனி யாராவது சிரித்தால் என் பெயரைச் சொல். சித்ரா, தோல்பொருள் துறைத் தலைவர்.