எட்டரை மணிப் புகை

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் மணல்தான் உதிரும். பஹ்ரைனில் எதைத் திறந்தாலும் மணல் உதிரும் என்றாலும், இதில் பழைய காகிதத்தின் ஈர வாடையும் சேர்ந்து வரும். அப்பா வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது அலமாரியைக் காலி செய்ய, கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனான அப்பா "படமெல்லாம் நல்லாருக்கு" என்று அதை ஈசா டவுனில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்குத் தூக்கி வந்தார். இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பணக்காரர்கள் புண்ணியத்துக்காக ஏழைக் கிழவர் கிழவிகளுக்குக் கட்டிவைத்த தரும வீடுகளைப் பற்றிய புத்தகம் அது. அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "அனாத மடமா? இதயா சுமந்துட்டு வந்தீங்க?" என்றாள்.

அதை விரும்பிப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒன்று, பத்து வயது நான். இன்னொன்று ஸ்டெல்லா சித்தி. சித்தி என்றால் ரத்த உறவு இல்லை. குமரி மாவட்டக் கடற்கரைக்காரி, கல்யாணம் செய்துகொள்ளாத நர்ஸ், ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் நாலு பேர் ரூமில் கிடந்தவள். டூட்டி இல்லாத வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "எடுத்துட்டு வா மக்களே அந்த வீட்டுப் பொஸ்தவத்த" என்பாள்.

முதல் பக்கங்களில் இருந்த மிகப் பழைய கட்டடங்களைக் கண்டாலே சித்திக்கு ஆகாது. நீளமான ஒரே கூடம், இரண்டு சுவர் ஓரமும் வரிசையாகக் கட்டில்கள், கோடியில் கோயில், படுத்தபடியே பூசை காணலாம். "இது வார்டுல்லா! தள்ளு, தள்ளு" என்று பக்கத்தைத் தானே புரட்டிவிடுவாள். பிந்திய நூற்றாண்டுகளுக்கு வந்ததும் முகம் மலரும். முற்றத்தைச் சுற்றிச் சிவப்புச் செங்கல் வீடுகள், நடுவில் தண்ணீர் பம்பு, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு உயரமான புகைபோக்கி, எல்லாவற்றுக்கும் மேலாக ஆளுக்கொரு கதவு. காலையில் எந்தப் புகைபோக்கியில் புகை எழவில்லையோ அந்தக் கதவைப் பக்கத்து வீட்டார் போய்த் தட்டுவார்கள் என்று அப்பா சொன்னார். புத்தகத்தில் இருந்ததா, அவராகச் சேர்த்துக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பம்புக்குப் பக்கத்து வீட்டைச் சித்தி தனக்கென்று பிடித்துவைத்துக்கொண்டாள். நான் அடுத்த வீடு.

விளையாட்டு அந்த வருடமே வினையாயிற்று. சித்திக்கு அறுபது நெருங்கியது. அறுபதானால் விசா கலாஸ், ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். அவள் சம்பளத்தில் மாடி வைத்துக் கட்டிய வீட்டில் தம்பி குடும்பம் நிறைந்திருந்தது. தம்பி போனில் அன்பாகத்தான் சொன்னாராம்: கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் சொல்லிவைத்திருக்கிறேன், அக்கா. அன்றுதான் சித்தி அழுது நான் முதன்முதலாகப் பார்த்தேன். "நாப்பது வருசம் வார்டுல கெடந்தேன். சாவும்போதும் வார்டாடா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

 அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா ஒரு வரைபடத்தை விரித்தார். தம்பி வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி ஒரே அறை, கட்டிலிலிருந்து பார்த்தால் தெரு தெரியும் அளவுக்குத் தாழ்ந்த ஜன்னல், தெருவைப் பார்த்துத் தனிக் கதவு. உள்ளே அடுக்களை வழியாகவே வாசல் வைத்தால் போதாதா என்று தம்பி போனில் கேட்டதற்கு, "எனக்கக் கதவு தனியாத்தான் இருக்கணும்" என்று சித்தி சொன்னாள். அவள் யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். எனக்கு மட்டும் ஒரு குறை. "புகைபோக்கி எங்கப்பா? சித்தி எந்திரிச்சிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று அழாக்குறையாகக் கேட்டேன். சித்தி சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினாள். "பொகைக்குப் பதிலா மிஸ்டு கால் தாரேன் மக்களே."

அறை கட்டி முடிந்து ஊருக்குப் போனதும் சொன்னபடி செய்தாள். ஊரில் எட்டரை, எங்களுக்கு ஆறு. நான் ஸ்கூல் பஸ்ஸுக்கு ஷூ மாட்டும்போது அம்மாவின் போன் இரண்டு முறை அடித்து அடங்கும். "புகை வந்துட்டு" என்பாள் அம்மா.

ஒரு நாள் வரவில்லை. பஸ் ஹாரன் அடித்தும் நான் போகமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா சித்திக்கு அடித்துப் பார்த்தாள், ஸ்விட்ச் ஆஃப். உடனே தம்பியின் மனைவியை அழைத்தாள். பத்து நிமிடம் கழித்து அவர் போனிலிருந்து சித்தியே பேசினாள். இரவெல்லாம் கரண்ட் இல்லையாம், போனில் சார்ஜ் இல்லையாம், அவள் பாட்டுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தாளாம். நாங்கள் திட்டுவதற்குள் அவளுக்குச் சொல்ல வேறொன்று இருந்தது. "தம்பி, அவன் பெண்டாட்டி, பிள்ளைய எல்லாரும் வந்து நின்னாவ. உள்ள வரல. தட்டிட்டுல்லா நின்னாவ! எனக்கக் கதவ இதுவர யாரும் தட்டினதில்ல மக்களே."  ஹாஸ்டலிலும் வார்டிலும் யார் கதவைத் தட்டுவார்கள்?

ஈசா டவுனில் நாங்கள் இருந்த கட்டடம் இப்போது இல்லை. புத்தகம் எந்தப் பெட்டியோடு போயிற்றோ. போனில் பேசக் காசே வேண்டாத காலம் வந்தபின் மிஸ்டு கால் கொடுப்பாரும் இல்லை. சித்தி இறந்து ஆறு வருடமாகிறது. போன லீவில் அந்த வீட்டுக்குப் போனேன். சித்தியின் அறையில் இப்போது தேங்காய் மூட்டைகளும் ஓடாத ஒரு தையல் மிஷினும் கிடக்கின்றன. "கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, தள்ளிட்டுப் போ" என்றார் தம்பி. உள்ளே யாரும் இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, அதன் பிறகுதான் உள்ளே போனேன்.