புருவம் கேட்ட சாமி

யமுனாவோடு ஒரே அறையில் தங்குவது சுலபமான காரியமில்லை. விடுதியில் எல்லாரும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நேரத்தில் அவள் எழுந்து ஷூ தேடுவாள். கழற்றிய இடத்தில் அது இருக்கவே இருக்காது. கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் தேடி, என் காலை இடித்து, "சாரிடி குண்டு" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவாள். என் பெயர் தாரணி. குண்டு எறிதலில் கல்லூரிக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தவள். அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதற்குக் காரணம் பதக்கம் மட்டுமில்லை என்பது எனக்கும் தெரியும்.

அவள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு அவளுக்கு. எனக்கு மலைக்குக் கீழே காரவள்ளி. மலைக்காரர்களிடம் தூரம் கேட்கக் கூடாது என்பதை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை அவள் ஊருக்குப் போனபோது, "பஸ்ஸ விட்டு இறங்கினா கிட்டத்தான்" என்றாள். இரண்டு மேடு, ஒரு ஓடை, முடிவே இல்லாத மரவள்ளிக்காடு. நான் நாக்குத் தள்ளிப் போய்ச் சேர்ந்தேன். அவளோ என் பையையும் தூக்கிக்கொண்டு வழியெல்லாம் கதையடித்தபடி வந்தாள்.

ஊரில் அவளுக்கென்று ஒரு பட்டாளம் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் நான்கு பெண்கள். லீவுக்கு யமுனா வந்துவிட்டால் விடிந்தும் விடியாமலும் தார் ரோட்டில் இவள் முன்னால் ஓட, அவர்கள் பின்னால் ஓடுவார்கள். எட்டாவது படிக்கும் சுகுணாதான் அதில் சூட்டிகை. அவளை ஓட விடுவதற்குள் யமுனாவின் அம்மா அத்தாயி பட்ட பாடு கொஞ்சமல்ல. "பொட்டப்புள்ளைய அரை டவுசரோட ரோட்டுல வுடறதா?" என்று குதித்தவர் சுகுணாவின் அம்மா பொன்னாயி. அத்தாயி அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ளை ஓடித்தான் காலேஜுல சீட்டு வாங்குனா. உம் புள்ளை மிளகு பறிச்சு வாங்குமா?" என்று கேட்டார். மறுநாள் சுகுணா ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்த வருஷம் கல்லூரி திறந்ததும் யமுனாவின் ஓட்டம் கெட்டுப்போனது. எங்கள் பி.டி. சார் அர்த்தனாரி ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு, "ராத்திரி பரோட்டா தின்னியா?" என்றார். அவரைப் பொறுத்தவரை எல்லாத் தோல்விக்கும் பரோட்டாதான் காரணம். யமுனா சத்தியம் செய்தாள். அடுத்த வாரம் இன்னும் மெதுவாக ஓடினாள். வறட்டு இருமல் வேறு. "உங்க ஊர்ப் புழுதிதான்டி" என்று பழியை என் தலையில் போட்டாள். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. சுண்ணாம்பு தடவிக்கொண்டு சும்மா இருந்தாள். ஒரு நாள் ஓடி முடித்து அவள் தரையில் உட்கார்ந்தபோது சார் பரோட்டாவைப் பற்றிப் பேசவில்லை. "ஏம்மா, நீ சோம்பேறி இல்ல. உடம்புக்குள்ள என்னமோ இருக்குது. நாளைக்கே டாக்டரைப் பாரு" என்றார்.

இருமலுக்கு மருந்து, பிறகு ஸ்கேன், பிறகு கழுத்தில் கீறி எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியது என்று கடைசியில் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் போய் உட்கார்ந்தோம். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா. நெஞ்சுக்குள்ளும் ஒரு கட்டி இருந்தது. மூச்சை அடைத்தது அதுதான். யமுனாவின் அப்பா சின்னராசு தோள்துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். டாக்டரம்மா எங்கள் இருவரையும் விட்டுவிட்டு யமுனாவிடம், "இந்த வகை பெரும்பாலும் முழுசா குணமாயிரும்மா. ஆறு மாசம் ஊசி போடணும். ஆமா, இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தே? ரொம்ப முத்தின பிறகுதான் நிறையப் பேர் வருவாங்க" என்றார்.

"ஓட்டத்துல டைம் கூடிருச்சுங்க" என்றாள் யமுனா. அப்புறம், "கார்த்திகையில மீட் இருக்குதுங்க. ஓடலாமுங்களா?" என்றாள்.

"இந்த வருஷம் ஓட்டமே கிடையாது" என்றார் டாக்டரம்மா.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவள் அப்பாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டாள். "அம்மாகிட்ட சொல்லக் கூடாதுப்பா." அத்தாயிக்குத் தெரிந்தால் ஆலத்தூர் நாட்டுக்கே தெரிந்த மாதிரி. தெரிந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஓடி ஓடித்தான் வந்தது என்று சொல்லும். அன்றோடு நான்கு பெண்களையும் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும். "நான் எப்படியும் பொழைச்சுக்குவேன். சுகுணாவ ஒரு தடவை நிறுத்திட்டாங்கன்னா மறுபடி வுட மாட்டாங்க" என்றாள். நான் திட்டினேன். பெற்ற தாயிடம் மறைப்பது என்ன நியாயம் என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் எனக்கு ஒரு முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அப்போது புரட்டாசி மாதம். அதுதான் அவளுக்கு யோசனையைக் கொடுத்தது. முடிவெட்டும் கடைக்குப் போய் மழுங்க மழித்துக்கொண்டாள். நாட்டு மருந்துக் கடையில் சந்தனம் வாங்கி மண்டை முழுக்கப் பூசிக்கொண்டாள். "யாரு கேட்டாலும் வேண்டுதல்" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன், நேராகக் கோயிலிலிருந்து இறங்கி வந்த மாதிரிதான் இருந்தாள்.

அன்று மலையேறும் பஸ்ஸில் அவளோடு நானும் போனேன். ஊசி போட்ட உடம்போடு எழுபது கொண்டை ஊசி வளைவு என்றால் சும்மாவா? கையில் பாலிதீன் பையோடு தயாராக இருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "எந்தக் கோயில்ல கண்ணு மொட்டை?" என்றார். பழனி என்றாள். முன் சீட்டுக்காரர் கேட்டபோது சமயபுரம் என்றாள். கண்டக்டரிடம் திருப்பதி என்றாள். நான் தொடையில் கிள்ளியதைக் கண்டுகொள்ளவேயில்லை. அந்த அம்மா விடாமல், "வேண்டுனது பலிச்சுதா சாமி?" என்றார்.

"பாதி பலிச்சிருக்குதுங்க" என்றாள் யமுனா. "மீதிக்குத்தான் மொட்டை." அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அழுதால் வேஷம் கலைந்துவிடுமே.

வீட்டில் வேறு மாதிரிச் சிக்கல். மொட்டையைப் பார்த்ததும் அத்தாயிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "நம்ம குலசாமி இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்குது, நீ பழனிக்குப் போயி முடி குடுத்தியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். குலசாமி கோபித்துக்கொள்ளும் என்று அன்றைக்கே கற்பூரம் வாங்கிக்கொண்டு எங்களை இழுத்துப் போனார். யமுனா மொட்டைத் தலையோடு நின்று மன்னிப்புக் கேட்டாள். பேரம் ஒருவழியாக முடிந்தது.

கார்த்திகையில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சுக்கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. மருந்து கேட்கிறது, இன்னும் மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுக்கொள் என்றார் டாக்டரம்மா. அந்தக் குஷியில் இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பினோம். குஷியில் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவளுக்குப் புருவமும் போயிருந்தது.

அத்தாயி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வந்ததிலிருந்தே மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, புரட்டாசியில போட்ட மொட்டை. இன்னுமா முளைக்கல?"

"மறுபடியும் போட்டேம்மா."

"சரி. மயிரத்தான் சாமி கேட்டுச்சு. புருவத்தையுமா கேட்டுச்சு? எந்த ஊருச் சாமி அது?"

யமுனா என்னைப் பார்த்தாள். என் வாய் நிறையச் சோறு. அத்தாயியும் என்னைப் பார்த்தார். நான் மென்றுகொண்டே அழ ஆரம்பித்துவிட்டேன். இனி மறைப்பதில் அர்த்தமில்லை என்று யமுனாவே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டி, ஊசி, அப்பாவுக்குத் தெரியும் என்பது, இப்போது சுருங்கிவிட்டது என்பது வரை.

அத்தாயி மகளின் முகத்தை, புருவம் இருந்த இடத்தை, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். அப்புறம் எழுந்தார். புருஷன் மிளகுக்கொடிக்கு நடுவில் நின்றிருந்தார். "நாலு மாசமா எங்கூட ஒரே ஊட்டுல கஞ்சி குடிச்சியே, ஒரு வார்த்தை சொன்னியா?" என்று அத்தாயி போட்ட கூச்சல் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. சின்னராசு ஏணியில் ஏறி நின்றுகொண்டு இறங்கவே இல்லை.

யமுனா பயந்தது அன்று சாயங்காலமே நடந்தது. பொன்னாயி வாசலில் வந்து நின்றார். "நான் அன்னைக்கே சொன்னேன் அத்தாயக்கா. ஓடி ஓடி நெஞ்சுக்குள்ள கட்டி வந்துருச்சு பாரு. எம் புள்ளைய இனி வுட மாட்டேன்" என்றார். சுகுணாவுக்கு அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், முடி கொட்டியபோது அழாதவள், யமுனா அப்போது விசும்பி அழுதாள். எனக்குக் கை பரபரத்தது. நான் குண்டு எறிபவள், பொன்னாயி சற்று நகர்ந்து நின்றால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

அத்தாயிதான் எழுந்து முன்னால் போனார். "இந்தா பொன்னாயி, நல்லாக் கேட்டுக்க. ஓடுனதால வரல. ஓடுனதாலதான் தெரிஞ்சுது. நானும் நீயும் சுமை தூக்கிட்டு மேடு ஏறறோம். மூச்சு வாங்குனா என்ன பண்றோம்? கல்லு மேல உக்காந்துட்டு எந்திரிச்சு நடக்கறோம். இவ ஓடுனா. நேத்தைக்கு விட இன்னைக்கு மெதுவா ஓடறேன்னு தெரிஞ்சுது. டாக்டரம்மாவே கேட்டுச்சாம், இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தேன்னு. நம்மளாட்டம் இருந்திருந்தா எம் புள்ளைய நான் தூக்கிக் குடுத்திருப்பேன்."

பொன்னாயியின் கோபம் எங்கோ போய்விட்டது. "அப்ப எம் புள்ளைக்கு உடம்புல ஏதாச்சும் இருந்தாலும் ஓடுனா தெரிஞ்சுருமா?" என்றார்.

"எல்லாத்தையும் சொல்லாதுங்க சின்னம்மா" என்றாள் யமுனா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆனா ஏதோ மாறிருக்குதுன்னா ஓட்டம் சொல்லும்."

முதல் பாதியை ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலை பனிக்குள் ரோட்டுக்குப் போன எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுகுணாவும் மற்ற மூவரும் மட்டுமில்லை, இதுவரை எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். புதுமாப்பிள்ளை ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டி நின்றார். பொன்னாயி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் டெஸ்ட் எடுக்க வந்தவர்கள். "இது டெஸ்ட் இல்லீங்க, சந்தேகம்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்" என்று யமுனா தொண்டை கிழியக் கத்தினாள். "அதெல்லாம் தெரியும் கண்ணு, நீ பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். அவள் வளைவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, சுகுணாவிடம் கையைத் தளர்த்து, தோளை இறக்கு என்று கத்திக்கொண்டிருந்தாள். சுகுணா எல்லாருக்கும் முன்னால் போய் மறைந்தாள்.

கடைசியாகப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தாயி ஓடி வந்தார். மகளுக்கு முன்னால் வந்து, முழங்காலில் கையை ஊன்றி நின்றார்.

"எனக்கு மூச்சு வாங்குதா?"

"வாங்குதும்மா."

"நல்லா வாங்குதா?"

"நல்லாவே வாங்குது."

"அப்ப அது எனக்கு வந்திருக்கக் கூடாதா சாமி? ஓடற புள்ளை உனக்கு எதுக்கு வந்துச்சு?"

யமுனா எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு வயசாயிருச்சும்மா. அதான் வாங்குது. வேற ஒண்ணுமில்ல" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அத்தாயி முந்தானையால் இரண்டு முகத்தையும் துடைத்தார். "சரி, நீ உக்காரு. உனக்குச் சரியாகற வரைக்கும் உன் ஓட்டத்த நான் ஓடறேன்" என்றார். சொல்லிவிட்டுப் புடவையை இன்னொரு சுற்று இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார்.